அந்த டாங்கி ஏன் முழுக்கத் துருப்பிடித்திருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் குட்டி டாங்கி மாடல்கள் பற்றி அரைப் பக்கம் போட்டிருந்தீர்கள். இந்தப் பொழுதுபோக்குக்கு ஒரு நாளிதழ் அரைப் பக்கம் ஒதுக்கியதே பெரிய விஷயம். வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் அந்தப் படம்! இரண்டாம் உலகப் போர்க்காலத்து சோவியத் டி-34 டாங்கி, உச்சி முதல் அடி வரை செங்கல் நிறத் துரு. துருவும் சேறும் தாராளமாக இருந்தால்தான் நிஜம்போல் தெரியும் என்று பக்கத்திலேயே ஓர் அறிவுரை வேறு. முப்பது வருஷம் கனரக வாகனப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்தவன் நான். வண்டியில் எந்த இடம் அழுக்காகும், எந்த இடம் ஆகாது என்பது என் கைக்கே தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம்.

வெயில், மழை, ஓட்டம், ஏறி இறங்குகிறவர்களின் பூட்ஸ் எல்லாம் வண்டியில் விட்டுப்போகும் தடத்தைப் பெயின்டில் கொண்டுவருவதைத்தான் வெதரிங் என்கிறோம். எந்தக் கறையாக இருந்தாலும், அது எப்படி வந்தது என்று கேட்டால் எனக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் அதைப் பூச மாட்டேன்.

துருவையே எடுத்துக்கொள்வோம். டி-34இன் உடல் முன்னாலும் பக்கவாட்டிலும் 45 மில்லிமீட்டர் எஃகு. ஓடிக்கொண்டிருக்கிற வண்டியில் பெயின்ட் உட்கார்ந்திருக்கும் இடத்தில் துரு வராது. பெயர்ந்த இடத்தில் ஒரு மெல்லிய பழுப்புப் படலம் வரும், அவ்வளவுதான். போரில் எத்தனையோ டாங்கிகள் துருப்பிடிக்கிற அளவுக்கு நாள் இருந்ததே கிடையாது. துரு காட்டியே ஆக வேண்டும் என்றால் பின்பக்கத் தகட்டில் இருக்கும் இரண்டு புகைக்குழாய்களில் காட்டுங்கள். சூட்டில் அங்கே பெயின்ட் தங்காது.

அப்புறம் சங்கிலிப் பட்டை. ஒரு ராத்திரி மழையில் நின்றால் காலையில் பழுப்பாகிவிடும். கொஞ்ச தூரம் ஓடினால் தரையில் படுகிற முகம் மட்டும் வெள்ளிபோல் மின்னும், இடுக்குகள் பழுப்பாகவே இருக்கும். இந்த மினுக்கத்துக்கு வெள்ளிப் பெயின்ட் வேண்டாம். மிருதுவான பென்சில் முனையைப் படுக்கவைத்து மேடான விளிம்புகளில் தேய்த்தால் போதும், கிராஃபைட்டின் மினுக்கம் அசல் இரும்பு மாதிரியே இருக்கும். அமெரிக்க ஷெர்மன் டாங்கிகளில் பலவற்றுக்குப் பட்டையில் ரப்பர் பாளங்கள். ரப்பருக்குத் துரு பூசியவர்களைப் பார்த்திருக்கிறேன். (ஒரு முறை நானும் பூசியிருக்கிறேன். அந்த மாடல் இப்போது அலமாரியில் பின்வரிசையில் இருக்கிறது.)

கட்டுரையில் வராத ஒன்று எண்ணெய்க் கறை. டி-34 டீசலில் ஓடிய வண்டி. உடலின் பின்பகுதியில், பக்கவாட்டில் உருளை வடிவ டீசல் டாங்குகள் வெளியே இருக்கும். டீசலைச் சிந்தாமல் நிரப்பிய ஆளை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை. சிந்திய டீசலில் புழுதி வந்து ஒட்டும். சில நாளில் அது மங்கிப் பரவும். அதன் மேலேயே மறுபடி சிந்தும். ஆக, ஒரே இடத்தில் மூன்று கறை: வெளியே மங்கலான பழுப்பு, உள்ளே கருப்பு, நடுவில் இன்றைக்குச் சிந்தியதுபோல் ஈரப் பளபளப்பு. பழுப்பு ஆயில் பெயின்டை நன்றாகக் கரைத்து ஒரு பெரிய திட்டு, காய்ந்தபின் கருப்பு சேர்த்து அதைவிடச் சிறிய திட்டு, கடைசியில் பளபளப்பு வார்னிஷ் கலந்து ஒரு சொட்டு. கீழ்நோக்கி ஒரே ஒரு வழிசல். இந்தச் சின்ன இடத்துக்கு நான் ஒரு மாலை முழுக்கச் செலவழிப்பேன்.

அளவையும் மறக்கக் கூடாது. என் மேசையில் இப்போது இருப்பது 1/72 அளவு, அதாவது அசலில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு, டி-34/85 (85 மில்லிமீட்டர் பீரங்கி வைத்த வகை). பீரங்கிக் குழாயைச் சேர்க்காமல் நீளம் எட்டரை சென்டிமீட்டர்தான். அதில் ஒரு மில்லிமீட்டருக்குப் பெயின்ட் பெயர்ந்ததாகக் காட்டினால், அசல் வண்டியில் அது ஏழு சென்டிமீட்டர் காயம். உங்கள் படத்தில் இருந்த பெயர்ச்சிகளை இந்தக் கணக்கில் பார்த்தால் அந்த டாங்கியைக் கோடாலியால் கொத்தியிருக்க வேண்டும். பஞ்சுத் துண்டைப் பெயின்டில் தொட்டு, காகிதத்தில் ஒற்றி ஒற்றி, இனி ஒன்றும் ஒட்டாது என்று தோன்றும்போது மாடலில் ஒற்றுங்கள். அதுவும் ஆட்கள் ஏறி இறங்கும் விளிம்புகளிலும் மூடிகளைச் சுற்றியும் மட்டும்.

வேலை வரிசையைக் கட்டுரை சரியாகவே சொல்லியிருந்தது. பிரைமர், அக்ரிலிக் அடிநிறம், பளபளப்பு வார்னிஷ், எண்களும் சின்னங்களும், பிறகு வாஷ் (இடுக்குகளில் இறங்கும்படி தண்ணியாகக் கரைத்த நிறம்), கடைசியில் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் வாஷை மாடல் முழுக்கத் தாராளமாக ஊற்றச் சொன்ன இடத்தில் எனக்குப் பகீர் என்றது. நான் அப்படி ஊற்றியவன். ஆயில் பெயின்டைத் தின்னரில் தண்ணியாகக் கரைத்து, சக்கரங்களுக்குப் பின்னால் தேங்குகிற அளவுக்கு விட்டேன். மறுநாள் காலை தூக்கினேன், சடக்கென்று ஒரு சத்தம். முன் சக்கர அச்சு துண்டாகக் கையோடு வந்துவிட்டது. இறுக்கம் இருக்கும் இணைப்புகளுக்குள் தின்னர் ஊறினால் இந்த பிளாஸ்டிக் விரிசல் விட்டுவிடும். இப்போதெல்லாம் பெயின்டை முதலில் அட்டைத் துண்டில் வைத்து அதிலிருக்கும் எண்ணெயை உறிஞ்ச விடுகிறேன். பிறகு நுனித் தூரிகையால் ஒவ்வொரு போல்ட்டையும் சுற்றி ஒரு பொட்டு. மிஞ்சியதைச் சுத்தமான தூரிகையால் மேலிருந்து கீழாக இழுத்துவிடுகிறேன். மழைநீர் அப்படித்தானே இறங்கும்?

இன்னொன்று. ஜன்னலைச் சாத்திக்கொண்டு தின்னர் வேலை செய்யாதீர்கள் என்று ஒரு வரியாவது போட்டிருக்கலாம். பொடி நிறங்களைத் தூவும்போதும் முகமூடி வேண்டும்.

இனி தரை. கட்டுரை அதைக் கடைசி இரண்டு வரியில் முடித்துவிட்டது. மாடலைத் தரையோடும் பின்னணியோடும் சேர்த்துக் காட்சியாக அமைப்பதைத்தான் டயோராமா என்கிறோம். டாகர் என்ற பிரெஞ்சுக்காரர் பூட்டோன் என்ற ஓவியருடன் சேர்ந்து 1822இல் பாரிஸில் பிரம்மாண்டத் திரைகளையும் வெளிச்சத்தையும் வைத்து நடத்திய காட்சிக்கு இட்ட பெயர் அது. புகைப்படக் கலையில் பிற்பாடு பெயர் பெற்ற அதே டாகர்தான்.

நான் தரையை டாங்கிக்குப் பெயின்ட் அடிக்கும் முன்பே தொடங்கிவிடுவேன். என்ன மண், ஈரமா, காய்ந்ததா என்று முடிவாகாமல் சக்கரத்தில் எந்தச் சேற்றைப் பூசுவது? ஈரச் சேறு கருப்பு, காய்ந்தது வெளுப்பு. சக்கரம் வாரியடித்த இடத்தில் புதுசு, மேல் தட்டில் பழைய புழுதி. தரையில் போட்ட அதே கலவையிலிருந்து ஒரு கிண்ணம் எடுத்து மூடிவைத்து அதையே வண்டிக்கும் பூசுகிறேன்.

டாங்கி தரைமேல் மிதப்பதுபோல் தெரிவதுதான் எல்லாருக்கும் வருகிற குறை. 25 டன்னைத் தாண்டிய வண்டி புதைய வேண்டாமா? பிளாஸ்டர், வெள்ளைப் பசை, சலித்த மண் மூன்றையும் குழைத்துப் பரப்பி, அது இறுகும் முன் மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து, டாங்கியை வைத்து அழுத்தி எடுத்தால் பட்டையின் அச்சு விழும். காய்ந்தபின் வண்டி அதே பள்ளத்தில் போய் உட்காரும். மண்ணைச் சலித்தே ஆக வேண்டும். 1/72இல் ஒரு மில்லிமீட்டர் மணல் என்பது உள்ளங்கையை நிறைக்கிற கல். முதல் தடவை மரப் பலகைக்கு வார்னிஷ் அடிக்காமல் இந்த ஈரக் கலவையைப் பரப்பினேன். இரண்டே நாளில் பலகை வளைந்து, என் டாங்கி இரண்டு சக்கரத்தை அந்தரத்தில் தூக்கிக்கொண்டு நின்றது. அதற்கு மட்டும் என்னிடம் எந்தக் காரணமும் இல்லை.

கடைசியாக உங்கள் புகைப்படக்காரருக்கு ஒரு வேண்டுகோள். படத்தை மேலிருந்து எடுத்திருக்கிறார், அப்படி எடுத்தால் எப்பேர்ப்பட்ட மாடலும் பொம்மைதான். 1/72 சிப்பாயின் உயரம் இரண்டரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அடுத்த முறை கேமராவை மேசையோடு மேசையாக இறக்கி, அந்தச் சிப்பாயின் கண் மட்டத்தில் வைக்கச் சொல்லுங்கள். துரு அடித்த அந்த டாங்கியையே அப்படி இன்னொரு தடவை எடுத்துப் போட்டாலும் சரி, பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெக்கானிக், உங்கள் நீண்டநாள் வாசகர்