கையொப்பத்தோடு நின்றுவிடாதீர்கள்: ஐரோப்பியத் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் இயங்கும் தமிழ்ச் சங்கங்கள், ஆலய பரிபாலன சபைகள், தமிழ்ப் பாடசாலை நிர்வாகங்கள் அனைவருக்கும் வணக்கம்.

குழாய்த் தண்ணீர், பூச்சிக்கொல்லி, உணவு, பொதுச் சேவை என்று நம் அன்றாட வாழ்க்கையைத் தொடும் பல சட்டங்கள் பிரசெல்சில்தான் உருவாகின்றன. அவற்றில் பொதுமக்கள் தலையிட 2012 ஏப்ரல் 1 முதல் சட்டபூர்வமான வழி ஒன்று இருக்கிறது: ஐரோப்பியக் குடிமக்கள் முன்முயற்சி. ஒன்றியத்தின் குடிமக்கள் பத்து இலட்சம் பேர் ஒரு கோரிக்கைக்குக் கையொப்பமிட்டால், ஒன்றியத்தின் சட்டவரைவுகளை முன்வைக்கும் ஐரோப்பிய ஆணையம் அமைப்பாளர்களை நேரில் சந்திக்க வேண்டும். ஐரோப்பிய நாடாளுமன்றம் பகிரங்க அமர்வு நடத்த வேண்டும். ஆறு மாதத்துக்குள் ஆணையம் காரணங்களோடு பதில் தர வேண்டும். கேட்ட சட்டத்தைக் கொண்டுவந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் ஆணையத்துக்கு இல்லை. இதைத் தெரிந்துகொண்டுதான் களத்தில் இறங்க வேண்டும்.

ஏற்கெனவே நடக்கும் ஒரு முன்முயற்சியின் கூட்டணியில் சேருங்கள் என்பதுதான் எங்கள் வேண்டுகோள். நீங்களே ஒரு முன்முயற்சியைத் தொடங்குங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. இப்போதைக்குத் தொடங்க வேண்டாம் என்றே சொல்வோம். அதற்கு ஏழு நாடுகளில் வசிக்கும் ஏழு குடிமக்கள் அமைப்பாளர் குழுவாகப் பதிவு செய்ய வேண்டும். கையொப்பம் திரட்டப் பன்னிரண்டு மாதம்தான். மொத்தம் பத்து இலட்சம் வந்தாலும் போதாது. குறைந்தது ஏழு நாடுகளில் அந்தந்த நாட்டுக்குரிய எண்ணிக்கையும் நிறைய வேண்டும். நாட்டின் ஐரோப்பிய நாடாளுமன்ற ஆசனங்களை, அந்த மன்றத்தின் மொத்த ஆசனங்களான 720 ஆல் பெருக்கினால் அந்த எண் கிடைக்கும்: ஜேர்மனிக்கு 69,120, பிரான்சுக்கு 58,320, நெதர்லாந்துக்கு 22,320, டென்மார்க்குக்கு 10,800. நாடளாவிய தொழிற்சங்கங்களையும் சூழல் அமைப்புகளையும் சேர்த்துக்கொள்ளாமல் இதை எட்டுவது மிகக் கடினம். ஆனால் இதே கணக்கு நமக்குச் சாதகமாகவும் இருக்கிறது. டென்மார்க் போன்ற சிறிய நாட்டில் ஒரு சங்கம் ஆயிரம் செல்லுபடியான கையொப்பம் கொண்டுவந்தால், அந்த நாட்டின் தேவையில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கை அது ஒன்றே சுமந்துவிட்டது. எந்தக் கூட்டணியும் அப்படிப்பட்ட உறுப்பு அமைப்பின் சொல்லைக் காது கொடுத்துக் கேட்கும்.

கூட்டணி நிலைத்து நின்றால் என்ன கிடைக்கும் என்பதற்கு, தேவையான கையொப்பங்களை எட்டிய முதல் முன்முயற்சியைப் பாருங்கள்: தண்ணீர் மனித உரிமை என்று அது கோரியது. பொதுச் சேவைத் தொழிற்சங்கங்களின் ஐரோப்பியக் கூட்டமைப்பு அதை ஒருங்கிணைத்தது. 2013 இல் 18 இலட்சத்துக்கு மேல் திரட்டினார்கள். சரிபார்த்தபின் 16,59,543 தேறியது. அதில் 12 இலட்சத்துக்கு மேற்பட்டவை ஜேர்மனியில் வந்தவை. கையொப்பம் திரட்டிக்கொண்டிருந்தபோதே, 2013 ஜூனில், தனியாருக்கு உரிமம் வழங்கும் சட்டவரைவிலிருந்து தண்ணீரை நீக்குவதாக ஆணையம் அறிவித்தது. ஆனால் 2014 மார்ச்சில் வந்த அதிகாரபூர்வ பதிலில் கேட்ட சட்டம் இல்லை. தொழிற்சங்கங்கள் கலைந்து போகவில்லை. 2018 இல் குடிநீர்ச் சட்டத்தின் திருத்த வரைவு வந்தது. 2020 டிசம்பரில் நிறைவேறியது. வீடற்றவர்கள் போன்ற நலிந்தோருக்குத் தண்ணீர் கிடைக்க நாடுகள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்ற பிரிவு அதில் இருக்கிறது. தண்ணீரை மனித உரிமையாகச் சட்டத்தில் எழுதுவது இன்னும் கைகூடவில்லை. கையொப்பத்துக்கு ஒரு வருடம், அதன் பலனுக்கு ஏழு வருடம்.

இனி, கையொப்பம் வாங்கும் மேசையில் நடப்பது. தவறுகள் பெரும்பாலும் இங்கேதான் நேர்கின்றன.

ஜேர்மனியின் ஹாம் காமாட்சி அம்பாள் ஆலயத் தேரை எடுத்துக்கொள்ளுங்கள். நெதர்லாந்து, பிரான்ஸ், டென்மார்க், சுவிஸ் என்று எங்கிருந்தும் சனம் வரும். ஒரே படிவத்தை நீட்டி எல்லோரிடமும் கையொப்பம் வாங்கினால் அந்தத் தாள் பழுதாகிவிடும். காகிதப் படிவம் ஒவ்வொன்றும் ஒரு நாட்டுக்குரியது; அந்த நாட்டைத் தீர்மானிப்பது கையொப்பமிடுபவரின் குடியுரிமை. பாரிசில் குடியிருந்தாலும் ஜேர்மன் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் ஜேர்மன் படிவத்தில்தான் கையொப்பமிட வேண்டும். சுவிஸ், நோர்வே, பிரித்தானியக் குடியுரிமை மட்டும் உள்ளவர்களும் வதிவிட அனுமதியில் இருப்பவர்களும் கையொப்பமிட முடியாது. ஆகவே மேசையில் முதற்கேள்வி "எந்தக் கடவுச்சீட்டு?" என்பதாகவே இருக்கட்டும். தாள்களை நாட்டு வாரியாக வெவ்வேறு நிறக் கோப்புகளில் வையுங்கள். வயதையும் கேளுங்கள்: ஜேர்மனி, ஒஸ்திரியா, பெல்ஜியம், மால்டா குடிமக்கள் 16 வயதிலேயே கையொப்பமிடலாம் என்பதால், பாடசாலையின் உயர்வகுப்புப் பிள்ளைகளில் பலர் தகுதியானவர்கள்.

அடுத்தது பெயர். நம்மவர் கடவுச்சீட்டில் பெரும்பாலும் தகப்பனார் பெயர் குடும்பப் பெயராகப் பதிவாகியிருக்கும். கையொப்பமிடும்போது பழக்கத்தில் அதன் முதலெழுத்தை மட்டும் போட்டு, அழைக்கும் பெயரை எழுதிவிடுவார்கள். பதிவேட்டோடு ஒப்பிடும்போது அப்படி ஒருவர் இல்லை என்று வந்துவிடும். கடவுச்சீட்டில் உள்ளபடியே, பெரிய எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். ஜேர்மனி, நெதர்லாந்து, டென்மார்க் படிவங்கள் முகவரி கேட்கும். அதிகாரிகளிடம் பதிவு செய்த நிரந்தர முகவரியைத் தர வேண்டும், தற்காலிகமாகத் தங்கியிருக்கும் உறவினர் வீட்டு முகவரி சரிவராது. இத்தாலி போன்ற நாடுகளின் படிவம் அடையாள ஆவண எண்ணைக் கேட்கும். வீட்டுக்காரருக்காக மனைவியோ, பிள்ளைக்காகத் தாயோ கையொப்பமிடக் கூடாது. இணையத்தில் ஏற்கெனவே பதிந்தவர் மீண்டும் தாளில் பதியக் கூடாது. சில நாடுகள் முழுவதையும் எண்ணாமல் மாதிரி எடுத்துச் சரிபார்க்கச் சட்டம் இடம் தருகிறது. அப்போது நம் மேசையின் கவனக்குறைவு மற்றவர்களின் உழைப்பையும் சேர்த்தே குறைக்கும்.

நிரப்பிய படிவத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். அதில் பிறந்த தேதியும் முகவரியும், அல்லது அடையாள ஆவண எண்ணும் இருக்கின்றன. அவற்றைப் பாதுகாப்பது சட்டக் கடமை. ஆணையத்திடம் ஒப்படைத்து ஒரு மாதத்துக்குள், அல்லது திரட்டத் தொடங்கி 21 மாதத்துக்குள், எது முந்தியோ அதற்குள் எல்லாத் தாள்களும் பிரதிகளும் அழிக்கப்பட வேண்டும். எனவே மேசை போட்டுப் பிடித்த மனிதர்களோடு தொடர்பு அறுந்துபோகாமல் இருக்க, மின்னஞ்சலைத் தனித் தாளில், அவர்களின் வெளிப்படையான சம்மதத்தோடு வாங்குங்கள். கையொப்பப் படிவத்திலேயே மின்னஞ்சல் கேட்பதற்கு அனுமதி இல்லை. அந்தத் தனித் தாளைக் கையொப்பத் தாளைப் போலவே பெரிதாக நினையுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறோம்.

பண்ணை விலங்குகளைக் கூண்டில் அடைப்பதை நிறுத்தக் கோரிய முன்முயற்சியில் 170 க்கு மேற்பட்ட அமைப்புகள் சேர்ந்திருந்தன. 13,97,113 கையொப்பங்கள் செல்லுபடியாகின. 2021 ஜூன் 30 இல் ஆணையம் மனமுவந்து சம்மதித்தது: 2023 முடிவதற்குள் சட்டவரைவு வரும் என்றது. 2023 முடிந்தது, வரைவு வரவில்லை. 2024 மார்ச்சில் அமைப்பாளர்கள் ஒன்றியத்தின் பொது நீதிமன்றத்துக்குப் போனார்கள். எழுத்தில் கொடுத்த வாக்கே இப்படி நழுவுகிறதென்றால், கையொப்பமிட்டவர்களை மீண்டும் கூப்பிட முடியாத கூட்டணியின் கதி என்ன? தங்கள் நாட்டு ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுத, துறை அமைச்சரிடம் கேட்க, அந்த மின்னஞ்சல் பட்டியல் வேண்டும்.

கோரிக்கையின் அமைப்பும் முக்கியம். கிளைஃபோசேட் களைக்கொல்லியைத் தடை செய்யக் கோரிய 2017 முன்முயற்சி தடையை மட்டும் கேட்கவில்லை. பூச்சிக்கொல்லி அனுமதிக்கு நிறுவனங்கள் தரும் ஆய்வுகளைப் பொதுவில் வைக்கும்படியும் கேட்டது. தடை கிடைக்கவில்லை. 2023 இல் அனுமதி இன்னும் பத்து ஆண்டுக்கு நீட்டிக்கப்பட்டது. ஆனால் ஆய்வுகளை வெளியிட வைக்கும் ஒழுங்குமுறை 2019 இல் நிறைவேறி, 2021 மார்ச்சிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. சேரப்போகும் கூட்டணியின் கோரிக்கையில் இப்படித் தனியே எடுத்து நிறைவேற்றக்கூடிய பகுதி இருக்கிறதா என்று பார்த்துச் சேருங்கள்.

பணம் கொடுப்பதென்றால் ஒரு விடயம்: ஒரு அமைப்பிடமிருந்து 500 யூரோவுக்கு மேல் வந்த உதவி பகிரங்கப் பதிவேட்டில் பெயரோடு வரும். ஆலய நிதியிலிருந்து கொடுப்பதானால் பொதுச்சபைத் தீர்மானம் முன்கூட்டியே இருக்கட்டும்.

குடியுரிமை இன்னும் கிடைக்காத நம் உறவுகளுக்கும் ஒரு வாசல் உண்டு. ஒன்றியத்தில் வசிக்கும் எவரும், எந்தக் குடியுரிமையோடு இருந்தாலும், ஒன்றியத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டதும் தங்களை நேரடியாகப் பாதிப்பதுமான விடயத்தில் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு மனுக் கொடுக்கலாம். அங்கே பதிவு செய்த சங்கமும் கொடுக்கலாம். முன்முயற்சியின் கோரிக்கையை ஒட்டி ஒரு மனுவும் போனால் அதே விடயம் நாடாளுமன்றத்தின் மனுக்குழுவிலும் பதிவாகும்.

இவ்வளவுதான் நாங்கள் கேட்பது. ஆணையத்தின் பதிவேட்டில் இப்போது கையொப்பம் திரட்டிக்கொண்டிருக்கும் முன்முயற்சிகளின் பட்டியல் 24 மொழிகளில் இருக்கிறது. உங்கள் அடுத்த நிர்வாகசபைக் கூட்டத்தில் அதில் ஒன்றைத் தெரிவு செய்து, படிவங்களுக்கு ஒருவரையும், கையொப்பம் முடிந்தபின் தொடரும் வேலைக்கு வேறொருவரையும் நியமியுங்கள். இரண்டாமவரின் பொறுப்புக் காலம் ஐந்து வருடத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். பிறகு அந்தக் கூட்டணியின் உங்கள் நாட்டு ஒருங்கிணைப்பாளருக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
குடிமக்கள் முன்முயற்சிகளில் படிவப் பணி செய்யும் தமிழர்கள்