வீட்டில் எத்தனை புத்தகம் என்று கேட்டவள் எழுதுகிறேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழலைக் கல்வி பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஏழைப் பெற்றோர் பிள்ளைகளோடு போதுமான அளவு பேசுவதில்லை, அதனால் பள்ளியில் சேரும் முன்பே அந்தப் பிள்ளைகள் 3 கோடி சொற்கள் குறைவாகக் கேட்டுப் பின்தங்கிவிடுகிறார்கள் என்று அதில் ஒரு வரி. படித்ததும் கோபம் வந்தது. பதினொரு ஆண்டுகள் இந்த மாதிரி ஆய்வுகளுக்கு வீடு வீடாகப் போய்க் கேள்வித்தாள் நிரப்பியவள் நான். அதனால் கோபத்தில் பாதி என் மேலேயே.

"வீட்டில் குழந்தைக்கான புத்தகங்கள் எத்தனை? நேற்று யாராவது குழந்தைக்குக் கதை சொன்னீர்களா?" கேட்பேன், கட்டத்தில் டிக் அடிப்பேன், அடுத்த வீடு. ஒரு வீட்டில் அம்மா இரவு ஷிப்ட் முடித்து வந்து, தூங்காத கண்ணோடு துணி மடித்துக்கொண்டிருந்தார். புத்தகம் இல்லை, கதையும் இல்லை. இரண்டுக்கும் பூஜ்யம் போட்டேன். பக்கத்தில் நான்கு வயது மகள் காலுறைகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று மிஞ்சியது.

"இதோட ஜோடி எங்கம்மா?"

"நீயே பாரு. மொத்தம் எத்தனை இருக்கு?"

விரல் வைத்து எண்ணி, "ஏழு" என்றாள். "ஏழுன்னா எல்லாத்துக்கும் ஜோடி வருமா?" என்றார் அம்மா, மடிப்பிலிருந்து தலை நிமிராமல். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "வராது. ஒண்ணு வாளியிலேயே கிடக்கும்!" என்று எழுந்து ஓடினாள்.

இதை எழுத என் தாளில் கட்டம் கிடையாது. அன்றைக்கே போன இன்னொரு வீட்டில் அலமாரி நிறையப் படப்புத்தகங்கள், சிலவற்றில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. "தினமும் படிச்சுக் காட்டுவோம்" என்றார் அப்பா. பையன் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான். நான் முழு மதிப்பெண் போட்டுவிட்டு வந்தேன்.

அந்த 3 கோடி எங்கிருந்து வந்தது என்றும் கட்டுரையாளர் சொல்லியிருக்கலாம். அமெரிக்காவின் கான்சாஸில் பெட்டி ஹார்ட், டாட் ரிஸ்லி இருவரும் 42 குடும்பங்களை, மாதம் ஒரு மணி நேரம் வீதம் இரண்டரை ஆண்டுகள் பதிவு செய்து 1995-இல் வெளியிட்ட கணக்கை நீட்டிப் போட்டது அது. அந்த 42-இல் அரசு உதவித்தொகையில் வாழ்ந்தவை வெறும் ஆறு குடும்பங்கள். முன்பின் தெரியாத ஒருவர் ரெக்கார்டரோடு வந்து உட்கார்ந்தால் எந்த வீட்டில் பேச்சு கூடும், எந்த வீட்டில் வாயடைத்துப் போகும் என்று என்னைக் கேட்டால் சொல்வேன். 2019-இல் டக்ளஸ் ஸ்பெர்ரி குழுவினர், வீட்டிலுள்ள மற்றவர்களின் பேச்சையும், குழந்தையின் காதில் விழும் பேச்சையும் சேர்த்து எண்ணிப் பார்த்தார்கள். ஏழைக் குடும்பங்களுக்குள்ளேயே பெரிய வேறுபாடு இருந்தது. பழைய இடைவெளி அப்படியே கிடைக்கவில்லை.

ஏற்றத்தாழ்வே இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்த அம்மாவிடம் இல்லாதது நேரம். அவரிடம் "குழந்தையோடு பேசுங்கள்" என்று துண்டறிக்கை கொடுப்பதில் என்ன இருக்கிறது?

பலன் தந்த திட்டங்கள் துண்டறிக்கையோடு நிற்கவில்லை. 1962-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் தொடங்கிய பெர்ரி பாலர் பள்ளி ஆய்வில் 123 பிள்ளைகள். அவர்களில் 58 பேருக்குத்தான் பாலர் பள்ளி. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள், ஒருவருக்கு ஐந்தாறு பிள்ளைகள், அதற்கு மேல் வாரம் ஒருமுறை ஒன்றரை மணி நேரம் ஆசிரியரே வீட்டுக்குப் போவார். நுண்ணறிவுத் தேர்வில் கிடைத்த முன்னிலை சில ஆண்டுகளில் கரைந்தது. ஆனால் 40 வயதில் பார்த்தபோது, மற்றவர்களைவிட அந்த 58 பேரில் வேலையில் இருந்தவர்கள் அதிகம், கைதானவர்கள் குறைவு. ஜமைக்காவில் 1980-களில் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, அவர்களில் ஒரு பகுதியினரின் வீடுகளுக்குச் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுகள் வாரம் ஒரு மணி நேரம் போனார்கள். வீட்டில் கிடைக்கும் பொருட்களில் செய்த விளையாட்டுச் சாமான்களை வைத்து, அம்மாவும் குழந்தையும் சேர்ந்து விளையாடச் சொல்லிக்கொடுத்தார்கள். இருபது ஆண்டுகள் கழித்து அந்தப் பிள்ளைகளின் வருமானம், வீட்டுக்கு ஆள் போகாத பிள்ளைகளைவிட 25 விழுக்காடு கூடுதல்.

பள்ளியைத் திறந்தால் மட்டும் போதும் என்பவர்கள் அமெரிக்காவின் டென்னசியையும் பார்க்க வேண்டும். அந்த மாநிலத்தின் முன்பருவக் கல்வித் திட்டத்தில் இடம் கிடைத்த பிள்ளைகள், இடம் கிடைக்காதவர்களைவிட ஆறாம் வகுப்பில் குறைந்த மதிப்பெண் எடுத்தார்கள் என்று 2022-இல் முடிவு வந்தது. எனக்கே அது அதிர்ச்சிதான்.

அன்று மாலை கேள்வித்தாளின் ஓரத்தில் பென்சிலால், 'ஏழு காலுறை. குழந்தைக்கு ஒற்றைப்படை தெரிகிறது. அம்மா கற்றுத்தருகிறார்' என்று எழுதிக் கொடுத்தேன். "ஓரத்துல எழுதாதீங்க, டேட்டா என்ட்ரி பண்றவங்களுக்குத் தொந்தரவு" என்று சொல்லி ரப்பரால் அழித்துக் கையில் திருப்பிக் கொடுத்தார் மேற்பார்வையாளர். நானும் வாங்கி அடுக்கில் வைத்தேன். அந்த வீடு ஏதோ ஓர் அட்டவணையில் இன்னும் பூஜ்யமாகத்தான் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் களப்பணியாளர்
(பெயர் வெளியிட வேண்டாம்)