வண்டு கண்ணை மூடிக்கொண்டு கடிப்பதில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

காண்டாமிருக வண்டு கண்ட செம்பனையை (எண்ணெய்ப் பனையை) எல்லாம் கடிக்கும் என்று சென்ற வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். 31 வருடம் தோட்டத்தில் மண்டோராக (வேலையாட்களின் கண்காணியாக) இருந்தவன் நான். அப்படியில்லை. மறுநடவில் வெட்டிச் சாய்த்த பழைய மரம் மக்கத் தொடங்கியதும் வண்டு அதில்தான் முட்டையிடும். பக்கத்துக் கன்றுகளின் குருத்தைத்தான் முதலில் துளைக்கும். மட்டை விரிந்த பிறகு பார்த்தால் கத்தரிக்கோலால் முக்கோணமாக வெட்டினாற்போல் இருக்கும். மண்ணை மூடிப் படரும் கொடியான மூடுபயிர், அந்த மக்கும் மரக் குவியலை மறைத்த இடத்தில் சேதம் குறைவு. இதை நாலு முறை சொல்லியும் எங்கள் மானேஜர் கேட்கவில்லை, அது வேறு கதை.

கனடாவில் வனவியல் படிக்கும் என் பேத்தி இன்னொன்று சொன்னாள். அங்கே விதைக்காகவே ஊசியிலை மரம் வளர்க்கும் தோட்டங்களில் ஒரு நாவாய்ப்பூச்சி, கூம்புக்குள் வாயைக் குத்தி விதையை உறிஞ்சிவிடுமாம். கூம்பு சுற்றியுள்ள ஊசியிலைகளைவிட 15 டிகிரி வரை சூடாக இருக்கும். அந்த வெப்பத்தைப் பூச்சி தன் வயிற்றிலுள்ள உணர்விகளால் கண்டுகொள்கிறது என்று ஆய்வாளர்கள் 2008-09 வாக்கில் வெளியிட்டார்கள். சில ஒட்டுரக மரங்களைத்தான் அதிகம் தேடிப்போகுமாம். வயிற்றால் பார்க்கிற பூச்சி! இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

சரி, நம் ஊருக்கு வருகிறேன். லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசைக்கு) பின்னால் உள்ள மரக் குவியலை நேற்று கிளறினேன். கட்டைவிரல் பருமனில் ஏழு வண்டுப் புழுக்கள். மூடுபயிர் விதையை எப்போது தூவப்போகிறார்கள்?

ஓய்வுபெற்ற மண்டோர்,
சுங்கை சிப்புட்