மூன்று மாதம் முன்னதாக ஒரு சோதனை

லீட்ஸ்,
19.10.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் இங்கு நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சென்ற ஞாயிறு தொலைபேசியில் பேசியபோது, ஜனவரி வரை கெடு இருக்கும் காரை அக்டோபரிலேயே பணம் கட்டித் தகுதிச் சோதனைக்கு விடுவானேன் என்று கேட்டீர்கள். அப்போது வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்ததால் மழுப்பிவிட்டேன். அதற்கான பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நம் வேனுக்கு எஃப்.சி. காட்டுவதற்கு முந்தைய வாரம் வீடு படும் பாடு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பெயிண்ட் வாசனையும், பாக்கி கேட்டு வரும் டிங்கர் கடைக்காரரும், கெடு தாண்டிவிடுமோ என்ற உங்கள் முகவாட்டமும் மறக்கக் கூடியவை அல்ல. நம் ஊரில் அந்தத் தொல்லை வாடகை வண்டிக்காரர்களுக்குத்தான் அடிக்கடி வரும். சொந்தக் கார் வைத்திருப்பவர் பதினைந்து ஆண்டு கவலையின்றி ஓட்டலாம். இங்கோ கிட்டத்தட்ட எல்லாக் காருக்கும், மூன்று வயது நிரம்பியதிலிருந்து, ஆண்டுதோறும் சோதனை உண்டு. அதற்கு எம்.ஓ.டி. என்று பெயர். போக்குவரத்து அமைச்சகத்தின் பழைய பெயரின் முதல் எழுத்துகள் அவை. 1960இல் பத்து வயதான வண்டிகளுக்கு மட்டும் என்று தொடங்கியதை 1967இல் மூன்று வயதுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பெயிண்டை இங்கு யாரும் பார்ப்பதில்லை. பிரேக், டயர், ஸ்டியரிங், விளக்கு, சீட் பெல்ட், புகை, அடிப்பகுதித் துரு ஆகியவற்றைத்தான் பார்க்கிறார்கள். வியப்பு என்னவென்றால், இன்ஜினும் கிளட்சும் கியர்பாக்ஸும் எந்த நிலையில் இருக்கின்றன என்பது இந்தச் சோதனையில் சேராது.

என் காரின் நம்பர் பிளேட்டில் 62 என்று இருக்கிறது. 2012 செப்டம்பருக்கும் 2013 பிப்ரவரிக்கும் இடையில் பதிவான வண்டி என்பதை அந்த எண்ணே காட்டிக்கொடுத்துவிடும். முதல் உரிமையாளர் ஜனவரியில் பதிவு செய்ததால், கெடுவும் ஆண்டுதோறும் ஜனவரியிலேயே வந்து விழுந்தது. இந்த ஆண்டு அது ஜனவரி 9. விடுமுறைக் காலச் செலவெல்லாம் முடியட்டும் என்று நான் 6ஆம் தேதிக்குப் பதிவு செய்திருந்தேன். மூன்று நாள் இருக்கிறதே என்ற தைரியம்.

சோதகர் என்னை அழைத்து, தூக்கி நிறுத்திய வண்டியின் அடியில் டார்ச் அடித்துக் காட்டினார். முன்சக்கரத்து ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று உடைந்து, வளையல் துண்டுபோலத் தட்டின்மேல் தனியாகக் கிடந்தது. உடைந்த முனை பளபளக்கவில்லை. துருவேறிப் பழுப்பாக இருந்தது. ஆக, அது உடைந்து நெடுநாள் ஆகியிருக்க வேண்டும், நான் தெரியாமலே ஓட்டியிருக்கிறேன். குளிர்காலத்தில் பனி உறையாமல் இருக்கச் சாலைகளில் உப்பு தூவுகிறார்கள். அந்த உப்பு இரும்பை அரிக்க, சாலைப் பள்ளங்கள் மீதி வேலையை முடித்துவிடுகின்றன. புது ஸ்பிரிங் வந்து சேர ஒரு வாரமாயிற்று. இடையில் 9ஆம் தேதி கடந்துவிட்டது. கெடு முடிந்த காரை ஓட்டவும் கூடாது, சாலையோரம் நிறுத்தவும் கூடாது. முன்பதிவு செய்த சோதனைக்கோ பழுது பார்க்கவோ கொண்டுபோவதற்கு மட்டும் விலக்கு உண்டு. பிடிபட்டால் 1,000 பவுண்டு வரை அபராதம். ஆகவே காரை அந்தப் பட்டறையிலேயே விட்டுவிட்டு, காலை ஏழு மணி ஷிப்டுக்கு ஒரு வாரம் இருட்டில், பனியில், இரண்டு பேருந்து மாறிப் போனேன். 15ஆம் தேதி மறுசோதனையில் தேறியது; அதனால் அடுத்த கெடு 2026 ஜனவரி 14 ஆயிற்று. அங்கேயே பழுது பார்த்ததால் மறுசோதனைக்குத் தனிக் கட்டணம் இல்லை என்பது ஓர் ஆறுதல்.

இதைத் தவிர்க்கச் சட்டத்திலேயே ஒரு வழி இருப்பது பிறகுதான் தெரிந்தது. கெடுவுக்கு ஒரு மாதத்துக்குள், அதாவது ஜனவரி 14 கெடு என்றால் டிசம்பர் 15 முதல், எப்போது சோதித்தாலும் அடுத்த ஆண்டுக் கெடு அதே தேதியில் நிற்கும். ஒரு நாளும் நட்டமில்லை. அதைவிடப் பெரிய வசதி, தோற்றாலும் ‘அபாயகரம்’ என்ற வகைக் குறை எதுவும் இல்லையென்றால், பழைய சான்றிதழ் உயிரோடு இருக்கும்வரை வண்டியை எடுத்துச் சென்று நான்கு இடத்தில் விலை விசாரிக்கலாம். ஆனாலும் சாலைக்கு ஏற்ற நிலையில் வண்டி இருந்தாக வேண்டும். உடைந்த ஸ்பிரிங்கோடு நான் எடுத்திருக்க மாட்டேன்.

ஆனால் என் விஷயத்தில் அந்த ஒரு மாதம் டிசம்பர் 15இல் தொடங்குகிறது. பட்டறைகளுக்கு விடுமுறை, உதிரிபாகம் தாமதம், என் கையிலும் பணம் குறைவு. ஆகவே தேதியையே நகர்த்திவிடுவது என்று முடிவு செய்தேன். ஒரு மாதத்துக்கும் முன்னதாகச் சோதித்தால் சோதித்த நாளிலிருந்து புதிய ஆண்டு தொடங்கும், மிச்ச நாள்கள் போய்விடும். காருக்கு அதிகபட்சக் கட்டணமே 54.85 பவுண்டுதான், மூன்று மாதம் போனால் நட்டம் 14 பவுண்டுக்கும் குறைவு. ஒரு வாரப் பேருந்துக்கே அதைவிட அதிகம் கொடுத்தேன், அப்பா.

உடன் வேலை செய்யும் ஒருவர், உப்புக்காலம் முடிந்து ஏப்ரலில் விட்டால்தான் துருவின் சேதம் தெரியும் என்றார். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் துரு மெதுவாகத்தான் வேலை செய்யும். தேய்ந்த டயரும் மங்கிய விளக்கும் நவம்பர் இருட்டிலேயே ஆளைக் கவிழ்த்துவிடும் என்பது என் எண்ணம். செப்டம்பரையும் தவிர்த்தேன். மார்ச்சிலும் செப்டம்பரிலும் புது எண்வரிசை வெளிவருவதால் அந்த மாதங்களில் பதிவான கார்கள் ஏராளம். சோதனைக்கும் அவையெல்லாம் அதே மாதங்களில்தான் வந்து நிற்கும்.

ஆகவே அக்டோபரைத் தேர்ந்தெடுத்தேன். சோதனைக்கு முந்தைய இரவே விளக்குகளைச் சுவரில் அடித்துப் பார்த்தேன். நம்பர் பிளேட் விளக்கு அணைந்திருந்தது, மாற்றினேன். இருபது பென்ஸ் நாணயத்தை டயர்க் கோட்டில் செருகி, நாணயத்தின் விளிம்புப் பட்டை மறைகிறதா என்று பார்த்தேன். 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும் என்பது சட்டம். 14ஆம் தேதி, செவ்வாயன்று, வண்டி தேறியது. இனி 2026 அக்டோபர் 13 வரை கவலையில்லை. இரண்டு எச்சரிக்கைக் குறிப்புகள் மட்டும் எழுதியிருக்கிறார்கள்: பின்பக்க பிரேக் குழாயில் லேசான துரு, இடப்பக்க முன்டயரின் உள்விளிம்பில் தேய்மானம். நாணயத்தை நான் வெளிவிளிம்பில் மட்டும் செருகியிருக்கிறேன். அந்த டயரை வரும் சனிக்கிழமை மாற்றுகிறேன்; உள்பக்கம் மட்டும் தேய்வது ஏன் என்று உங்களுக்குத் தோன்றுவதை அடுத்த முறை பேசும்போது சொல்லுங்கள்.

அம்மாவிடம் என் அன்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்