மருந்துக்கு முன்னால் டார்ச் லைட்டை எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் நாளிதழின் குடும்பப் பகுதியில் வீட்டுப் பூச்சிகளை ஒழிப்பது பற்றி ஒரு குறிப்பு வந்திருந்தது. மாதம் ஒருமுறை வீடு முழுக்க மருந்து அடித்துவிட்டால் கவலை இல்லை என்று முடித்திருந்தார்கள். வீடு வீடாகப் போய் மருந்து அடிப்பதுதான் என் பிழைப்பு. ஆனாலும் சொல்கிறேன், அந்த யோசனையை நம்பி யாரும் காசைச் செலவழிக்க வேண்டாம். பூச்சி எங்கிருந்து வருகிறது, எங்கே தண்ணீர் குடிக்கிறது என்று பார்க்காமல் அடிக்கும் மருந்தால் பூச்சிக்குப் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. அந்தக் காற்றைச் சுவாசிக்கிற கைக்குழந்தைக்குத்தான் கெடுதல்.

கரப்பானையே எடுத்துக்கொள்வோம். வீட்டுக்காரர்கள் எல்லாவற்றையும் ஒரே கரப்பான் என்று நினைக்கிறார்கள். நான் முதலில் கேட்பது, சின்னதா பெரியதா என்றுதான். பெரிதாக, செம்பழுப்பாக இருப்பது பெரும்பாலும் சாக்கடை வழியாக ஏறி வருவது. குளியலறைத் தரையில் தண்ணீர் போகும் வாய்க்கு நெருக்கமான சல்லடை போட்டு, சிங்க் குழாய் சுவருக்குள் போகும் இடத்தைச் சுற்றியுள்ள இடைவெளியைச் சிமென்ட் வைத்து அடைத்தாலே பாதிக்கு மேல் நின்றுவிடும். சின்னதாக, தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடுகளோடு இருப்பது ஜெர்மன் கரப்பான். அது வெளியிலிருந்து தினமும் வருவதில்லை, உங்கள் அலமாரிக் கீலிலும் ஃபிரிட்ஜ் மோட்டாருக்குப் பக்கத்திலும் குடித்தனம் நடத்துகிறது. பெண் கரப்பான் முப்பது நாற்பது முட்டைகள் அடங்கிய கூட்டைப் பொரிக்கும் தறுவாய் வரை வாலிலேயே சுமந்து திரியும். ஸ்ப்ரே அடித்தால் கண்ணில் பட்டது சாகும், மற்றவை இன்னும் ஆழமான இடுக்குக்கு ஓடும், முட்டைக் கூட்டுக்குள் மருந்து சரியாக இறங்காது. சில வாரத்தில் குஞ்சுகள் வெளியே வந்ததும், மருந்து போலி என்று என்னிடம் சண்டைக்கு வருவார்கள்.

இதற்கு, கரப்பான் தின்னும் விஷ இரையான ஜெல்தான் சரி. குண்டூசித் தலை அளவுக்குப் பல இடங்களில், இடுக்குக்குள்ளேயே வைக்க வேண்டும். தின்ற கரப்பான் பதுங்கிடத்துக்குப் போய்ச் சாகும். அதன் எச்சத்தையும் உடலையும் தின்கிற மற்றவையும் சாகும். ஜெல் வைத்த இடத்தின் மேல் ஸ்ப்ரே அடிக்கவே கூடாது, அடித்தால் கரப்பான் அந்தப் பக்கம் வராது. குளுக்கோஸ் கலந்த இரையைத் தொட மறுக்கும் ஜெர்மன் கரப்பான்களைப் பற்றி 1993-லேயே ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆகவே ஒரே ஜெல்லை வருடக்கணக்கில் வைக்காமல் மாற்றிப் பார்க்க வேண்டும். இன்னொன்று, பட்டினியைக் கரப்பான் வாரக்கணக்கில் தாங்கும், தாகத்தை அவ்வளவு தாங்காது. இரவு படுக்கப் போகும்முன் சிங்க்கைத் துடைத்து உலர வைப்பதும், சொட்டும் குழாய்க்கு வாஷர் மாற்றுவதும் என் மருந்து டப்பாவுக்குச் சமம்.

எறும்புக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வரிசையின் மேல் மருந்து அடித்தால் இரை தேட வந்தவை மட்டும் சாகும், ராணி புற்றுக்குள் பத்திரமாக இருக்கும். சில சிற்றெறும்பு வகைகள் மருந்து பட்டதும் கூட்டத்தைப் பிரித்து இரண்டு மூன்று இடத்தில் புதிதாகக் குடியேறிவிடும். கூட்டுக்குத் தூக்கிப் போகிற மாதிரி, மெதுவாகக் கொல்லும் இரைதான் பலன் தரும்.

நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே எலிக்காகத்தான். சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும், பென்சில் நுழையும் துளையில் அது நுழைந்துவிடும். டார்ச் அடித்து, தரை மட்டத்தில் குனிந்து, கதவடி, ஏசி குழாய், கேஸ் குழாய் எல்லாம் பாருங்கள். சுவரோரம் கறுப்பாக எண்ணெய்க் கறை போலத் தடம் தெரிந்தால் அதுதான் பெரிய எலியின் வழி. துளையில் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணித்து மேலே சிமென்ட் பூசுங்கள். துணியையும் நுரைப் பஞ்சையும் எலி ஒரே இரவில் கடித்துப் போடும். பெரிய எலி புதுப் பொருளைக் கண்டால் சில நாள் ஒதுங்கும். அதனால் பொறியை விசை ஏற்றாமல் இரையோடு சுவரோரம் வைத்துவிடுங்கள். பயமில்லாமல் தின்னப் பழகிய பிறகு விசையை ஏற்றுங்கள்.

இவ்வளவும் செய்யப் பொறுமை இல்லாமல் மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட்டை வாங்கி அடுப்படியில் வைக்கிறார்கள். பார்க்கப் பற்பசை ட்யூப் மாதிரியே இருக்கும். அதற்கு விஷமுறிவு மருந்து கிடையாது. விழுங்கியவர் ஓரிரு நாள் நன்றாக இருப்பது போலத் தெரிவார், பிறகு கல்லீரல் கெட்டுப் போகும். தானியக் கிடங்குகளுக்கான அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டுக்குள் போடுவது அதைவிடக் கொடுமை. காற்றிலுள்ள ஈரம் பட்டாலே அதிலிருந்து பாஸ்பீன் வாயு கிளம்பும், பக்கத்து அறையில் தூங்குகிறவர்களையும் கொல்லும். மூட்டைப்பூச்சிக்கு என்று இந்த மாத்திரையைக் கட்டிலுக்கு அடியில் வைக்கச் சொல்லி என்னைக் கேட்ட வீடுகள் உண்டு. வாசலிலேயே மறுத்துவிட்டு, துணிகளைக் கொதிக்கிற வெந்நீரில் போட்டு, கட்டில் பலகைகளைக் கழற்றி இணைப்புகளை நீராவியால் சுத்தம் செய்யச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். பச்சிளம் குழந்தையின் துணிகளுக்கு இடையே நாப்தலின் அந்துருண்டை போடுவதையும் நிறுத்த வேண்டும். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைக்கு அதனால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து உயிருக்கே ஆபத்து வரும்.

சுவரில் இருக்கும் பல்லியை விட்டுவிடுங்கள் என்றும் வீட்டுக்காரர்களிடம் கேட்டுக்கொள்வேன். இரவெல்லாம் கொசுவையும் சிறு பூச்சிகளையும் தின்கிறது, கூலி கேட்பதில்லை.

தங்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். இனி இப்படிக் குறிப்புகளை வெளியிடும்போது கீழே இந்த நான்கு வரிகளையும் சேர்த்து அச்சிடுங்கள்: மருந்தை வேறு பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், பாலோ எண்ணெயோ கொடுக்காதீர்கள். அந்த டப்பாவை அல்லது ட்யூபைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். விழுங்கியவர் நன்றாகத்தான் இருக்கிறார் என்று வீட்டிலேயே வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழிலாளி