நீ பாடாம இருக்கிறது சரியில்லையடா

டேய் மச்சான்,

பிள்ளையள் எப்பிடி, ஸ்கார்பரோவில குளிர் எப்பிடி எண்டதெல்லாம் ஃபோன்ல கேக்கிறன். இஞ்ச எல்லாரும் சுகம். அம்மாக்கு முழங்கால் நோ, வெள்ளவத்தையில மழை, காலி வீதி வழமை போலத்தான். குண்டன் வீட்ட வித்துப்போட்டு தெஹிவளைக்குப் போயிட்டான். வாழைக்காய் விஷயத்த இன்னும் விடேல்ல, உன்னக் கண்டா கேக்க வேண்டியது இருக்காம், அத அப்பிடியே சொல்லச் சொன்னவன்.

நான் எழுத வந்தது வேற. என்ர மூத்தவள் கம்பஸ்ல ஒரு இம்ப்ரோவ் குறூப்பில சேந்திருக்கிறாள். ஸ்கிரிப்ட் கிடையாது, பாடமாக்கின வசனம் கிடையாது, பாக்க வந்த சனத்திட்ட ஒரு சொல்லக் கேட்டு அதிலயே நாடகம் போடுறது, பாட்டுக் கட்டுறது. மனுசிக்குப் பயம், ஃபைனல் இயர்ல இது தேவையா எண்டு ஒரே ஏச்சு. எனக்கு அவள் சொல்லச் சொல்ல உன்ர முகம்தான் வந்துது.

பிறகு ராத்திரியில சாப்பாடு முடிஞ்சு யூடியூப்ப போட்டுக் காட்டத் தொடங்கினாள், இப்ப அவள் படுத்தாலும் நான் படுக்கிறேல்ல. வேய்ன் ப்ரேடி எண்டு ஒரு மனுசன். 'ஹூஸ் லைன் இஸ் இட் எனிவே' எண்ட ஷோ, முதல்ல 1988ல இங்கிலாந்தில ரேடியோவில தொடங்கி அதே வருஷம் டிவிக்கு வந்தது, 1998ல அமெரிக்காவுக்குப் போன நேரம் இவர் அதில இருந்தவர். அதில ஒரு விளையாட்டு இருக்கு, நீ கட்டாயம் பாக்கோணும். கொலின் மொக்ரியும் ரயன் ஸ்டைல்ஸும் ரெண்டு ஸ்டூல்ல இருந்து, பாட்டு சிடி விக்கிற விளம்பரக்காரர் மாதிரி அளந்து விடுவினம். சனம் குடுத்த ஒரு தலைப்ப எடுத்து, உலகத்திலயே இல்லாத ஒரு பாட்டுக்கு ஒரு பேர வச்சு, இன்ன ஸ்டைல் எண்டும் சொல்லிப்போடுவினம். லோரா ஹோல் எண்ட மனுசி உடன கீபோர்ட்ல தொடங்கிடுவா. அவ்வளவுதான் நேரம். அதுக்குள்ள ப்ரேடி எழும்பி வந்து, அந்த ஸ்டைல்ல எந்தப் பாடகர் எப்பிடி மூச்செடுப்பார், எந்த இடத்தில குரல நடுக்குவார், இடுப்ப எப்பிடி வெட்டுவார் எண்டது வரைக்கும் புடிச்சு, சொல்லும் புதுசு மெட்டும் புதுசா ஒரு முழுப்பாட்டுப் பாடி முடிச்சிடுவார். நான் முதல் நாள் இத முதலே எழுதி வச்சிருப்பாங்கள் எண்டுதான் சொன்னனான். அப்ப மகள் ஒரு இடத்தில நிப்பாட்டி, "அப்பா இவற்ற கண்ணப் பாருங்கோ" எண்டாள். வாய் ஒரு வரியப் பாடுது, கண் ஒரு பக்கமாப் போய் அடுத்த வரியின்ர முடிவத் தேடுது. முடியிற சொல்ல முதல்ல புடிச்சு வச்சுக்கொண்டுதான் வரியத் தொடங்கோணுமாம், சிரிப்பு எப்பவும் கடைசிச் சொல்லில விழோணுமாம்.

அவையின்ர குறூப் தமிழில செய்து பாத்தா அது சரிவரேல்லயாம். ஏன் தெரியுமா, தமிழில வரி முடிவு தானாப் பொருந்தும், போறன் வாறன் நிக்கிறன் எண்டு எவனும் அடுக்கலாம், சனத்துக்கு அதில ஒரு ஆச்சரியமும் இல்ல. முன்னுக்கு எதுகை விழுந்தாத்தான் கைதட்டுதாம். இத அவள் சொல்ல எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சது மச்சான். காளமேகம் சபையில நிண்ட நிலையில பாம்புக்கும் எள்ளுக்கும் ஒரே வெண்பாவப் பாடினது வேற என்ன? மன்மதன் எரிஞ்சானோ இல்லையோ எண்டு லாவணியில எரிஞ்ச கட்சியும் எரியாத கட்சியும் விடிய விடிய மறுத்துப் பாடினது வேற என்ன? மரிக்கார் ராமதாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் ஆக்களின்ர ரேடியோ நாடகத்துக்கு எங்கட அப்பாமார் வேலையால ஓடி வந்து காத்துக்கொண்டு இருந்த ஊரடா இது. பகிடி விடுறவனுக்கு இஞ்ச மரியாதை இருந்தது. இப்ப என்னெண்டா எவன்ட ரீல்ஸையோ பாத்து அப்பிடியே வாயசைக்கிறான், அதுக்கு ஆயிரக்கணக்கில லைக்காம். எனக்கு உண்மையா கவலையா இருக்கு.

நீ செய்தது இதைத்தான். ஒரு சினிமாப் பாட்டு மெட்ட எடுத்து, கன்டீன்ல அண்டைக்கு என்ன நடந்ததோ அத வச்சு, அந்த நிமிஷத்திலயே. மெட்டு இழுபடுற இடத்தில சரியா ஒரு நெடில் வந்து குந்தும் உனக்கு. அந்தச் சோகப் பாட்டில 'பாண்' எண்டு நீ இழுத்த இழுவையில கெமிஸ்ட்ரி மாஸ்டரே கதவுக்கு வெளியால நிண்டு சிரிச்சவர். மற்றவங்கள் மெட்ட உடைச்சுப்போட்டு சொல்லப் போடுவாங்கள், நீ மெட்டில ஒரு நூல் பிசகாம வச்சிருந்து சொல்லால சிரிக்க வச்சனி. ப்ரேடியும் அப்பிடித்தான், பாட்டு நல்லாப் பாடத் தெரிஞ்சபடியாத்தான் அந்தாளின்ர பகிடி பகிடியா நிக்குது.

அந்தாளின்ர வாழ்க்கையையும் தேடி வாசிச்சன். 1972ல ஜோர்ஜியாவில பிறந்து, ஒர்லாண்டோவில அப்பம்மாவோட வளந்தவர், அங்க ஒரு சின்ன இம்ப்ரோவ் தியேட்டர்லதான் தொழில் பழகினது. 2003ல 'ஹூஸ் லைன்'னுக்கே எம்மி எண்ட டிவி விருது. அதுக்கு முதல் 2002ல பகல் நேர டோக் ஷோ தொடங்கினவர், பிறகு 2009ல இருந்து 'லெட்ஸ் மேக் எ டீல்' எண்ட கேம் ஷோ, நடுவில நியூயோர்க் பிராட்வேயில மேடை நாடகம். கேம் ஷோவுக்குப் போனத சிலபேர் தரம் இறங்கினதா நினைப்பினம், நான் நினைக்கேல்ல. ஒவ்வொரு நாளும் முன்பின் தெரியாத ஆக்கள் வேஷம் போட்டுக்கொண்டு வந்து நிப்பினம், அவை என்ன சொல்லுவினம் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது, அதில இருந்து அந்த இடத்தில பகிடி எடுக்கிறது அதே வித்தைதான்.

ஆனா என்னை நித்திரை கொள்ள விடாத விஷயம் வேற. 2014ல, சனத்தச் சிரிக்க வச்ச நடிகர் ராபின் வில்லியம்ஸ் தானே தன்ர உயிர விட்ட அதே வருஷம், இந்தாள் டிவி பேட்டி ஒண்டில தனக்கு டிப்ரெஷன் எண்டு சொன்னவர். தன்ர 42ஆவது பிறந்தநாள் அண்டு தனிய இருந்து உடைஞ்சு போனவராம். அவ்வளவு காலமும் டிவியில அந்தச் சிரிப்பு ஒரு சொட்டும் குறையேல்ல. யாருக்கும் தெரியேல்ல.

மச்சான், உன்ர வொய்ஸ் மெசேஜ் எல்லாத்தையும் திருப்பிக் கேட்டன். அக்கா போனதுக்குப் பிறகு நீ ஒரு பகிடியும் விடேல்ல. "ஓம் மச்சான், பரவால்ல மச்சான், வேலை மச்சான்." எங்கள் எல்லாரையும் சிரிக்க வச்சவன் நீ, உன்னட்ட யார் என்னடா செய்யுது எண்டு கேட்டது? நான் இப்ப கேக்கிறன். நித்திரை கொள்ளுறியா? சாப்பிடுறியா? ஷிஃப்ட் முடிஞ்சு வந்து யாரோட கதைக்கிறனி? பரவால்ல எண்டு பதில் போடாத, சொல்லிப்போட்டன். ஒரு டொக்டரிட்டயும் போ, அதில வெக்கப்பட ஒண்டுமில்ல.

இன்னொண்டு. நீ இருக்கிற டொராண்டோவிலதான் செகண்ட் சிட்டி எண்ட இம்ப்ரோவ் நாடகக்காரரின்ர தியேட்டர் இருக்கு, 1959ல சிகாகோவில தொடங்கினவையின்ர கிளை, 1973ல அங்க வந்தது. கொலின் மொக்ரியும் அங்க வேலை செய்தவர்தான். ஒண்டும் தெரியாத ஆக்களுக்கும் இம்ப்ரோவ் கிளாஸ் வைக்கினம். போய்ப் பார். இங்கிலீஷ்ல வராது எண்டு சாட்டுச் சொல்லாத, அங்க முதல் படிப்பிக்கிறது பக்கத்தில நிக்கிறவன் சொல்லுறத வடிவாக் கேட்டு, ஓம் எண்டு எடுத்து, அதுக்கு மேல ஒண்டு வைக்கிறதாம். பகிடி பிறகு வருமாம். கேக்க உனக்கு ஏலும்.

மகளுக்கும் நீ வேணும். எதுகை விஷயத்தில குறூப்புக்கு யாரும் சொல்லிக் குடுக்க இல்ல, நான் உன்ர பேரச் சொல்லிப்போட்டன், மாமாட்ட எப்ப கேக்கலாம் எண்டு நச்சரிக்கிறாள். ஞாயிறு உனக்கு ஓஃப்தானே, உங்கட காலமை எங்களுக்கு இரவு, ரெண்டு பேரும் முழிச்சிருப்பம். வீடியோ கோல் எடு. அவள் ஒரு சொல்லுத் தருவாள், நீ ஒரு வரியாவது பாடோணும், சும்மா விடமாட்டன்.

பிள்ளையளுக்கு என்ர அன்பு. குண்டனுக்கு என்ன பதில் சொல்ல எண்டு நீயே சொல்லு.

உன்ர,
கட்டை
வெள்ளவத்தை