சாது என்று பெயர் எடுப்பது

அவிநாசி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சுப்பிரமணி,

ஜெர்மனியில் உன் ஸ்டட்கார்ட் ஆபீஸில் எல்லாரும் உன்னை அமைதியான ஆள் என்று சொல்வதாக எழுதியிருந்தாய். அந்த வரியை வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். எட்டணாச் சில்லறைக்காக அவிநாசியில் ஏறித் திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கண்டக்டரோடு மல்லுக்கட்டியவன் நீ. உனக்கா இந்தப் பட்டம்! நான் சிரித்தேன், என் மனைவி சிரிக்கவில்லை. "அண்ணன் அங்கே யாருடனும் பேசுவதே இல்லை போலிருக்கிறது" என்றாள்.

ஊர்ச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நாம் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே தேர்தலுக்குத் தேர்தல் சுவரில் எழுதிய அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தை 2024 ஆகஸ்டில் திறந்தார்களே, அந்தத் தண்ணீர் நம் குளத்துக்கும் வந்துவிட்டது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழேயிருந்து பவானி ஆற்றுத் தண்ணீரைக் குழாயில் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். நாம் கிரிக்கெட் ஆடிய இடத்தில் இப்போது நாரை நிற்கிறது.

இனி உன் விஷயம். இந்தப் பட்டத்தை நானும் வாங்கியவன் என்பதால் சொல்கிறேன். எத்தியோப்பியாவில் ஹவாசா தொழிற்பூங்கா 2016-ல் திறந்த பிறகு அங்கே ஒரு துணி தைக்கும் கம்பெனிக்குச் சூப்பர்வைசராகப் போனேன் அல்லவா? நிர்வாகத்தில் ஆங்கிலம், அடுத்த படியில் அம்ஹாரிக், தையல் மிஷின் வரிசையில், அதாவது லைனில் உட்கார்ந்த பெண்கள் தங்களுக்குள் பேசுவது சிடாமாவோ வொலாய்ட்டாவோ. மூன்றில் ஒன்றுதான் எனக்கு எட்டியது, அதுவும் அரைகுறை. ஆனால் வேலை நிற்கவில்லை. ஓவர்லாக் தையலில் சுருக்கம் விழுந்தால் துணியை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பக்கமும் இழுத்துக் காட்டுவேன். நூல் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் டென்ஷன் நட்டை அரைச் சுற்று திருப்பி, வேறு துண்டில் ஓட்டி, மறுபடி இழுத்துக் காட்டுவேன். அந்தப் பெண் தலையை ஆட்டுவாள். முடிந்தது. கடிகாரம்தான் கொஞ்சம் படுத்தியது. காலை 7 மணியை அவர்கள் ஒரு மணி என்பார்கள், சூரியன் கிளம்பியதிலிருந்து எண்ணும் நம் பழைய நாழிகைக் கணக்குப் போல. அதுவும் பழகிவிட்டது.

அங்கே எனக்குக் கிடைத்த பெயர், கோபமே வராத மனிதர். எனக்குக் கோபம் வராதாம்! திட்டுவதற்கு வார்த்தை இல்லாதவனுக்குக் கோபம் எங்கே வெளியே தெரியும்? 2022 ஜனவரி முதல் தேதியிலிருந்து எத்தியோப்பியச் சரக்குக்குக் கொடுத்த வரிச்சலுகையை அமெரிக்கா நிறுத்தியது. ஆர்டர் குறைந்து லைன்களை மூடிய நாட்களில் அந்தப் பெண்கள் கூட்டமாக வந்து என்னிடம் ஏதேதோ கேட்டார்கள். ஒருத்தி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டே பேசினாள். சமாதானம் சொல்லவோ, என் கையில் ஒன்றும் இல்லை என்று சொல்லவோ, முதலாளியைத் திட்டவோ எனக்கு வழியில்லை. நல்ல மனிதனாக நின்றேன்.

இதே கதையைத் திருப்பூரில் மறுபக்கத்திலிருந்து பார்க்கிறேன். இங்கே எந்தப் பனியன் கம்பெனி முதலாளியைக் கேட்டாலும், ஒடிசாப் பையன்களும் பீகார்ப் பையன்களும் தங்கம், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசமாட்டார்கள் என்கிறார். போன மாதம் பெருமாநல்லூர்ப் பக்கம் பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டுக்குப் போயிருந்தேன். சனிக்கிழமை, சம்பளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பேட்லாக் (பனியன் துணி தைக்கும் ஒருவகை மிஷின்) ஓட்டும் ஒடிசாக்கார டைலர் ஒருவன் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து மேசையில் விரித்தான். பக்கம் முழுக்க வட்டம் வட்டமாக ஒடியா எழுத்து. எண்கள் மட்டும் நமக்கும் புரிகிற எண்கள். வியாழக்கிழமை வரியின் கீழே ஆள்காட்டி விரலை வைத்தான். கான்ட்ராக்டர் தமிழில் பொரிந்து தள்ளினார். பையன் விரலை எடுக்கவில்லை. கடைசியில் கொடுத்ததை எண்ணி வாங்கிக்கொண்டு போனான். திங்கட்கிழமை அவன் வரவில்லை, வேறு கம்பெனியில் உட்கார்ந்துவிட்டான். "சாதுவான பையன், ஏன் போனான் என்றே தெரியவில்லை" என்று அந்தக் கான்ட்ராக்டர் என்னிடமே வருத்தப்படுகிறார்!

2023 மார்ச்சில் வடமாநிலத்தவரை இங்கே அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவினவே, நினைவிருக்கிறதா? பீகாரிலிருந்து அரசுக் குழுவே திருப்பூருக்கு வந்து பார்த்துவிட்டுப் போனது. எங்கள் கம்பெனிப் பையன்களும் பையைத் தூக்கிக்கொண்டு ரயில்வே ஸ்டேஷனுக்குக் கிளம்பினார்கள். பக்கத்து மிஷினில் தைக்கும் தமிழ் டைலரோடு தினமும் டீ குடிக்கிறவர்கள்தாம். "இது நிஜமா?" என்று அவரிடம் கேட்க முடியவில்லை, செல்போன் சொன்னதை நம்பினார்கள். எனக்கு அவர்கள்மீது கோபம் வரவில்லை. ஹவாசாவில் தெருவில் நாலு பேர் ஓடினால் நானும் கதவைச் சாத்தியவன்தான்.

அதற்குப் பிறகு எந்தத் தையலுக்கு உருப்படிக்கு எவ்வளவு கூலி என்கிற பீஸ் ரேட் பட்டியலை ஒடியாவிலும் இந்தியிலும் எழுதிச் சுவரில் ஒட்டினேன். இப்போது சனிக்கிழமைகளில் எங்கள் ஆபீஸ் அறையில் ஒரே இரைச்சல். கெடுத்துவைத்துவிட்டாய் என்கிறார் முதலாளி. எனக்கென்னவோ இந்த இரைச்சல் பிடித்திருக்கிறது.

ஆகவே மாப்பிள்ளை, மாலை ஜெர்மன் வகுப்பை நிறுத்தப்போவதாக நீ எழுதியதற்கு நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். ப்ளூ கார்டு என்கிற வேலை அனுமதியில் வந்தவனுக்கு ஜெர்மனில் பி1 என்ற நடுத்தரத் தேர்ச்சி இருந்தால் 21 மாதத்தில் நிரந்தர அனுமதி, ஏ1 என்ற ஆரம்பத் தேர்ச்சி மட்டும் என்றால் 27 மாதம், ஆறு மாதத்துக்காக இவ்வளவு பாடா என்று கணக்குப் போட்டிருக்கிறாய். நீ எழுதிய இன்னொரு கணக்கைப் பார். வீட்டுக்காரர் ஹீட்டிங் செலவு என்று அனுப்பிய பில்லைப் புரியாமலேயே கட்டியிருக்கிறாய். வகுப்பில் கற்றுத்தரும் ஜெர்மன் வேறு, அந்த வீட்டுக்காரக் கிழவர் பேசும் ஸ்வேபியன் வட்டார வழக்கு வேறு என்கிறாய். இருக்கட்டும், கோயமுத்தூர்த் தமிழைக் கேட்டு மதுரைக்காரர் விழிக்காமலா இருக்கிறார்? பில் கைக்கு வந்த 12 மாதத்துக்குள் ஆட்சேபம் சொல்லச் சட்டத்தில் இடம் உண்டு என்று நீயே எழுதியிருக்கிறாய். இன்னும் நாள் இருக்கிறது. வகுப்பு வாத்தியாரையே அந்தப் பில்லைப் பாடமாக நடத்தச் சொல்.

உன் அம்மா நன்றாக இருக்கிறார்கள். கண் ஆபரேஷனுக்குத் தை மாதத்துக்குப் பிறகு போகலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்; நான் கூட்டிக்கொண்டு போகிறேன். எருமையை விற்கச் சொல்லி நீ எழுதியதை மட்டும் நான் அவர்களிடம் சொல்லவில்லை. அதை நீயே போனில் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்.

அன்புடன்,
வேலுச்சாமி